கடல் கடந்த தாதிக் கல்வி

மணலியை அடுத்துள்ள மாத்தூர், வடசென்னையின் ஆலைப் பகுதிக்கு ஒரு வாயிற்படி போன்றது. ஒருபுறம் 1969இல் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கத் தொடங்கிய ஆலையும், அதனையடுத்து எழுந்த உரத் தொழிற்சாலையும். மறுபுறம் பெருநகர வளர்ச்சிக் குழுமம் வகுத்துக் கொடுத்த மனைகளும் வீடுகளும். 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பெற்ற இவ்வூரிலும், திருவொற்றியூர், எண்ணூர், இராயபுரம் முதலிய இடங்களிலும் துறைமுகத்தையும் ஆலையையும் நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பல. அக்குடும்பங்களில் நம் சமுதாயத்தினரும் உளர். அந்த வீடுகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்மக்கள் இந்நாளில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று இது: “அத்தா, நான் வெளிநாடு போய் நர்ஸிங் படிக்கட்டுமா?”

கேட்ட தந்தை உடனே விடை கூறுவதில்லை. தாயார் முந்திக்கொண்டு, “நம்ம வீட்டுப் பெண்ணுக்கு இது ஏற்ற வேலையா?” என்பார். பாட்டியார், “அவ்வளவு தூரமா?” என்பார். இவ்விரண்டு ஐயங்களும் வெவ்வேறானவை. முன்னது தொழிலைப் பற்றியது. பின்னது தொலைவைப் பற்றியது. இரண்டுக்கும் நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறியாமல் ‘ஆம்’ என்பதும் ‘இல்லை’ என்பதும் ஒன்றுதான் என்று நாம் கருதுகிறோம். ஆதலின் அதனைச் சிறிது விரித்துரைப்போம்.

நவீனத் தாதிக் கல்வியின் தாய் எனப் போற்றப்படும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே வெளிநாடு சென்று படித்தவர் என்பதைப் பலர் அறியார். 1820இல் பிறந்த அவர், செல்வமும் செல்வாக்கும் மிக்க ஆங்கிலக் குடும்பத்துப் பெண். மருத்துவமனையில் பணிபுரிய வேண்டும் என்று அவர் கூறியபோது அவருடைய அன்னையார் துடித்துப் போனார். அந்நாளில் இங்கிலாந்தின் மருத்துவமனைத் தாதிகள் குடிகாரிகள் என்றும் ஒழுக்கமற்றவர்கள் என்றும் பேர் பெற்றிருந்தனர். ‘நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு ஏற்ற வேலையா?’ என்னும் நம் வீட்டுக் கேள்வி அந்த வீட்டிலும் எழுந்தது. பல ஆண்டு மன்றாடிய பின்னர், 1851இல், தமது முப்பத்தோராம் வயதில், ஜெர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் சிற்றூருக்குச் சென்று ஏறத்தாழ மூன்று மாதங்கள் பயின்றார். 1836இல் ஃபிளீட்னர் என்னும் பாதிரியார் அங்கு நிறுவியிருந்த நிலையம் அது. மகள் அங்கே பயின்ற செய்தி வெளியே தெரியலாகாது என்பதில் குடும்பத்தார் கண்ணுங் கருத்துமாக இருந்தனர்.

அங்குக் கற்ற மருத்துவத் தாதிமையைப் பற்றி அம்மையார் பிற்காலத்தில் பெருமையாகப் பேசவில்லை. தூய்மை முறை மோசம் என்றே கூறினார். ஆனால் அங்கிருந்தோரின் அர்ப்பணிப்பை மட்டும் மறவாது புகழ்ந்தார். இதனை நாம் ஏன் குறிப்பிடுகிறோம் எனில், வெளிநாட்டுப் பாடசாலை என்பதனாலேயே அது உயர்ந்ததாகிவிடாது என்பதை அத்துறையின் தாயே உணர்ந்திருந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1854இல், உஸ்மானியப் பேரரசின் தலைநகரை அடுத்த உஸ்குதாரில் காயம்பட்ட ஆங்கிலப் படைவீரருக்கு அவர் ஆற்றிய தொண்டு உலகறிந்தது. 1860இல் லண்டனில் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பள்ளி எழுந்தது.

தாதித் தொண்டு இழிவானது என்னும் எண்ணம் நம் மார்க்கத்தின் தொடக்க காலத்தில் இருந்ததில்லை. அகழ்ப் போரில் அம்பு பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, மஸ்ஜிதுந் நபவியில் அமைந்த ருஃபைதா (ரலி) அம்மையாரின் கூடாரத்தில் வைத்துப் பேணுமாறு பெருமானார் (ஸல்) பணித்த செய்தி வரலாற்று நூல்களில் உள்ளது. பள்ளிவாசலின் எல்லைக்குள்ளேயே ஒரு பெண்மணி காயமுற்றோரைக் கவனித்தார் என்பது சிறிய செய்தியன்று. பின்னாளில் 1912இல் பால்கன் போர் மூண்டபோது டாக்டர் எம்.ஏ. அன்சாரி தலைமையில் இந்திய முஸ்லிம்களின் மருத்துவக் குழு துருக்கிக்குப் புறப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, எடின்பரோவில் மேற்படிப்பு முடித்தவர் அன்சாரி. அக்குழுவில் மருத்துவர்களோடு காயங்கட்டும் தொண்டர்களும் சென்றனர். ஊர்தோறும் பணம் திரட்டிக் கொடுத்த சமுதாயம் அவர்களை வீரர்களாக வழியனுப்பியது. ஆண்கள் கடல் கடந்து புண் கழுவச் சென்றால் தியாகம். பெண்கள் சென்றால் தயக்கம்! இந்த முரண்பாட்டைச் சுட்டிவிட்டு மேலே செல்வோம்.

சென்னைக்கு வருவோம். 1844இல் எழும்பூரில் மகப்பேற்று மருத்துவமனை தோன்றியது. 1854இல் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியளிக்க அரசு இசைந்தது. 1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தாதியர் பயிற்சி தொடங்கிற்று. பொறுப்பேற்றவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்த தாதிகள். முதலில் பயின்றோர் முன்னரே மருத்துவச்சிச் சான்று பெற்றிருந்தவர்கள். இந்திய மருத்துவமனைகளில் தாதிமை எவ்வாறு அமைய வேண்டும் என்பது பற்றி நைட்டிங்கேல் அம்மையார் 1865இலேயே யோசனைகள் எழுதியிருந்தார். இந்நாட்டைப் பற்றி அவர் எழுதிக் குவித்த பக்கங்கள் எண்ணிலடங்கா. எனினும் ஒருமுறையேனும் இந்நாட்டு மண்ணை மிதித்தாரில்லை!

இங்கே ஒரு விந்தையைக் கூறாமல் இருக்க முடியவில்லை. கல்வி தேடி மேல்நாடு செல்வதே உலக வழக்கு என்று எண்ணுகிறோம். ஆயின், மேல்நாட்டுப் பெண்மணி ஒருவர் சென்னையில் மாணவியாக அமர்ந்த வரலாறும் உண்டு. அவர்தாம் மேரி ஷார்லீப். வழக்கறிஞரான கணவருடன் 1866இல் சென்னைக்கு வந்தவர். ஆண் மருத்துவரிடம் தம்மைக் காட்ட மாட்டாத கோஷாப் பெண்கள் பிரசவ காலத்தில் உதவியின்றி மாண்டு போவதைக் கேள்வியுற்று உள்ளம் உருகினார். முதலில் சென்னை மகப்பேற்று மருத்துவமனையில் மருத்துவச்சியாகப் பயின்றார். அது போதாதென்று கண்டு, 1875இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களுள் ஒருவரானார். எட்வர்ட் பால்ஃபர் என்னும் உயர் மருத்துவ அதிகாரியின் ஆதரவே அதற்குத் துணை நின்றது. லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்க இசைந்தது 1878இல்தான் என்பதை நினைத்தால் சென்னையின் பெருமை விளங்கும். பின்னர் லண்டனிலும் வியன்னாவிலும் கற்று, 1883இல் திரும்பி வந்து, 1885இல் சாதியிந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும் என ஒரு மருத்துவமனையை ஏற்படுத்தினார். திருவல்லிக்கேணிக் கடற்கரையையொட்டி இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்னும் பெயரில் நிற்பது அதுவே. நம் பாட்டிமார்களுக்கு அது என்றும் ‘கோஷா ஆஸ்பத்திரி’தான்.

நம் சமுதாயத்துப் பெண்களின் மானத்தைக் காப்பதற்காக ஒரு மருத்துவமனை எழுந்தது. ஆனால் அங்கே நம் பெண்களுக்கு நீர் வார்த்தவர், இரவில் கண் விழித்தவர், பச்சிளங் குழந்தையைக் கழுவித் துடைத்துத் தந்தவர் யாவர்? பெரும்பாலும் கிறித்தவப் பெண்களும் ஆங்கிலோ-இந்தியப் பெண்களுமே. நாடு முழுதும் அந்நிலைதான். பெண் மருத்துவப் பணியாளர் வேண்டும் என்று எல்லாரினும் உரக்கக் கேட்க உரிமையுடைய சமுதாயம், அப்பணிக்குத் தன் மகளை அனுப்புவதில் எல்லாரினும் பின்தங்கியது. இதனைக் குறை கூறும் நோக்கோடு எழுதவில்லை. கணக்குப் பார்க்கும் நோக்கோடு எழுதுகிறோம்.

வடசென்னைக்கு இக்கணக்கில் தனி இடம் உண்டு. 1782இல் பஞ்சத்தில் அடிபட்டு வந்தோருக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததே ஸ்டான்லி மருத்துவமனை. 1880இல் இராயபுரத்தில் சவலை இராமசாமி முதலியாரின் கொடையால் எழுந்தது பிரசவ மருத்துவமனை. மாத்தூரிலும் மணலியிலும் பிறந்த எத்தனையோ பேருக்கு இவ்விரண்டுமே தாய்வீடு. கடல் கடந்து போவதற்கு முன் கண்ணெதிரே உள்ள இவற்றின் வாயிலையும் நம் பெண்மக்கள் பார்த்துக்கொள்ளலாம்.

இனிக் கடல் கடந்தோர் வரலாறு. இதில் இருவகைப் பயணம் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதே இன்றைய ஏமாற்றங்களுக்கெல்லாம் வித்து என்பது நம் எண்ணம்.

முதல்வகைப் பயணம், பயிற்சி முடித்துப் பதிவு பெற்ற தாதியர், மேற்கல்விக்காகச் சென்று திரும்பியது. 1920இல் லண்டனில், செஞ்சிலுவைச் சங்கங்களின் கூட்டமைப்பு பல நாட்டுத் தாதியருக்கென வகுப்புகளைத் தொடங்கிற்று. அவை பின்னர் பெட்ஃபோர்ட் கல்லூரியில் நடைபெற்றன. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியால் பல நாட்டுத் தாதியர் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்திற்குச் சென்றனர். 1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கை, இந்தியாவில் பதிவு பெற்ற தாதியர் 7,000 பேர் என்றும், 43,000 மக்களுக்கு ஒருவர் வீதமே உள்ளனர் என்றும் கணக்கிட்டது. அதே 1946இல் டெல்லியிலும் வேலூரிலும் தாதியர் பட்டப்படிப்புத் தோன்றியது. ஐடா ஸ்கடர் அம்மையாரின் நிலையத்தில் 1909 முதலே பயிற்சிப் பள்ளி இருந்தது. அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டம் தரும் கல்லூரியாக உயர்ந்தது. இத்தகைய நிறுவனங்களுக்கு ஆசிரியைகள் வேண்டியிருந்தது. ஆகவே உதவித்தொகையில் சென்று கற்றவர்கள் திரும்பி வந்து கற்பித்தார்கள். சென்றவர் சிலரே, பயனடைந்தோர் பல்லாயிரவர்.

இரண்டாம்வகைப் பயணம் முற்றிலும் வேறு. 1948 ஜூலை 5ஆம் நாள் பிரிட்டனில் தேசிய சுகாதாரப் பணி தொடங்கிற்று. எல்லாருக்கும் இலவச மருத்துவம் என்றவுடன் படுக்கைகள் நிரம்பின. பார்த்துக்கொள்ளக் கைகள் இல்லை. அயர்லாந்து, மேற்கிந்தியத் தீவுகள், மொரீஷியஸ், மலேசியா, சிங்கப்பூர் எனப் பல நாடுகளிலிருந்து இளம்பெண்களை ‘மாணவத் தாதி’களாக அழைத்தார்கள். மலேசியாவிலிருந்து சென்றவர்களுள் நம் தமிழ்ப் பெண்களும் இருந்தனர். கட்டணமில்லை, மாதந்தோறும் உதவித்தொகை உண்டு, விடுதி உண்டு. இதைவிட நல்வாய்ப்பு எது என்று பெற்றோர் மகிழ்ந்தனர்.

ஆனால் அந்நாளில் மாணவி என்பவள் வகுப்பில் இருந்ததைவிட வார்டில் இருந்த நேரமே மிகுதி. இரவுப் பணியில் வார்டு முழுவதும் மாணவியர் தலையிலேயே விழுந்தது. படிப்பு என்ற பெயரால் உழைப்பு நடந்தது. அது கூட ஒருவாறு பொறுக்கத்தக்கது. உழைத்துக் கற்பதே அத்தொழிலின் இயல்பு எனலாம். பொறுக்க முடியாதது வேறொன்று.

பிரிட்டனில் இருவகைப் பயிற்சி இருந்தது. மூன்றாண்டு பயின்றால் எஸ்.ஆர்.என். எனப்படும் அரசுப் பதிவுத் தாதி. இரண்டாண்டு பயின்றால் எஸ்.இ.என். எனப்படும் பட்டியல் தாதி. 1943ஆம் ஆண்டுச் சட்டத்தால் உதவித் தாதியருக்கென ஏற்பட்ட கீழ்நிலைப் பிரிவே இரண்டாவது. சொல்லளவில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. கடல் கடந்து வந்த பெண்களுக்கு அந்த ஓர் எழுத்தின் பொருள் தெரியாது. எடுத்துரைத்தவரும் குறைவு. மூன்றாண்டுப் படிப்புக்கே வந்திருக்கிறோம் என்று எண்ணியிருந்த பலரை இரண்டாண்டுப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். படித்து முடித்துத் தாய்நாட்டுக்குத் திரும்ப விழைந்தபோதுதான் உண்மை விளங்கிற்று. தாய்நாட்டில் பல இடங்களில் அந்தச் சான்றுக்கு மதிப்பில்லை! பிரிட்டனிலோ அதனைக் கொண்டு வார்டின் தலைமைத் தாதியாக உயர வழியில்லை. ஊருக்கும் போக இயலாமல், உயரவும் இயலாமல், ஆண்டுக்கணக்கில் அதே படுக்கைகளை விரித்தவர்கள் எத்தனை பேர்! சிலர் மனந்தளராது மீண்டும் மாணவியராகச் சேர்ந்து மேற்பிரிவை முடித்தனர். ஐந்தாறு ஆண்டுகளை விழுங்கிய ஓர் எழுத்து அது. பின்னாளில் 1980களின் இறுதி முதல் தாதிக் கல்வி பல்கலைக்கழகங்களுக்கு மாறியபோது அந்தக் கீழ்நிலைப் பயிற்சி படிப்படியாக ஒழிந்தது.

ஜெர்மனியின் கதை இன்னும் கூர்மையானது. 1960களில் மேற்கு ஜெர்மனியில் தாதியர் பஞ்சம். அங்குள்ள கத்தோலிக்க மருத்துவமனைகளுக்காகக் கேரளத்தின் பாதிரிமார்கள் ஊர் ஊராகச் சென்று பதினெட்டு, இருபது வயதுப் பெண்களைத் தேர்ந்தனுப்பினர். ஆயிரக்கணக்கானோர் சென்றனர். மொழி தெரியாது, குளிர் தெரியாது, உணவு தெரியாது. மொழியைக் கற்று, மூன்றாண்டுப் பயிற்சியை முடித்துத் தாதியராயினர். நைட்டிங்கேல் அம்மையார் பயின்ற அதே ரைன் நதி பாயும் நாட்டுக்கு நூறாண்டு கழித்து மலையாளச் சிற்றூர்களின் பெண்கள் மாணவியராகச் சென்றது காலத்தின் கோலம். அவர்கள் அனுப்பிய பணத்தால் ஊரில் ஓட்டுவீடு எழுந்தது, தம்பி படித்தான், தங்கைக்குத் திருமணம் நடந்தது.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளரைச் சேர்ப்பதை ஜெர்மனி நிறுத்திற்று. 1970களின் பிற்பகுதியில், வேலையின்மை பெருகவே, அங்கேயே பயின்று அங்கேயே பணியாற்றிய இந்தியத் தாதியர் பலருக்குத் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தனர் சில மாநில அதிகாரிகள். மருத்துவமனைகள் வேண்டுமென்றன, அலுவலகங்கள் வேண்டாமென்றன. பலர் திரும்பினர், சிலர் வேறு மாநிலங்களுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றனர். தங்கியவர்களிலும் திருமணமாகி ஊரிலிருந்து கணவரை அழைத்தவர்கள் வேறொரு சோதனையைக் கண்டனர். கணவருக்குப் பல ஆண்டுகள் வேலை அனுமதி கிடைக்கவில்லை. படித்த ஆண்மகன் வீட்டில் குழந்தையைப் பார்க்க, மனைவி பணிக்குச் சென்றாள். நம்மவரில் சிலர் இதனைக் கேட்டு நகைக்கக்கூடும். அக்குடும்பங்களைத் தாங்கியது அந்த ஏற்பாடே.

அமெரிக்கா 1948இல் தொடங்கிய பரிமாற்றப் பயணத் திட்டமும் ஏறத்தாழ இத்தகையதே. பிலிப்பைன்ஸ் தாதியர் ஈராண்டுக் கல்வி என்று சென்றார்கள். பல மருத்துவமனைகள் அவர்களைக் குறைந்த ஊதியப் பணியாளராகவே நடத்தின. விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இன்றைய நிலை என்ன? பிரிட்டனில் தாதிக் கல்வி இப்போது பல்கலைக்கழகப் பட்டம். வெளிநாட்டு மாணவி அதற்குப் பெருங்கட்டணம் செலுத்த வேண்டும். முன்னாளில் ஊதியம் கொடுத்து வேலை வாங்கினார்கள். இந்நாளில் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பிக்கிறார்கள். வார்டில் உழைப்பது மட்டும் மாறவில்லை. இங்கேயே நான்காண்டு பி.எஸ்சி. நர்ஸிங் முடித்து, மொழித் தேர்வும் அந்நாட்டுத் தகுதித் தேர்வும் எழுதிப் பணிக்கே செல்வோர் அதைவிட மிகப் பலர். ஜெர்மனியில் 2020 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தின்படி மூன்றாண்டுத் தொழிற்பயிற்சி உண்டு. அதற்குக் கல்விக் கட்டணம் இல்லை, மாத ஊதியம் உண்டு. ஆனால் ஜெர்மன் மொழியைத் தேர்ச்சியோடு கற்றாக வேண்டும். கட்டணமில்லாத அந்தப் பயிற்சிக்கு இங்குள்ள இடைத்தரகர் பல இலட்சம் கேட்டால், அவர் எதற்காகக் கேட்கிறார் என்று பெற்றோர் எழுத்தில் கேட்க வேண்டும்.

உடை பற்றிய கவலையும் பல வீடுகளில் உண்டு. தொற்று பரவாமலிருக்க முழங்கைக்குக் கீழே உடை இருத்தலாகாது என்று இங்கிலாந்து மருத்துவமனைகளில் 2008 வாக்கில் விதி வந்தபோது முஸ்லிம் மாணவியர் சங்கடப்பட்டனர். 2010இல் வெளியான வழிகாட்டுதலில், ஒருமுறை அணிந்து எறிந்துவிடும் கையுறை போன்ற மேற்கைகளை அணியலாம் என்று இடந்தரப்பட்டது. கேட்டதனால் கிடைத்தது அது. கேட்கும் அளவுக்கு நம் பெண்கள் அங்கே இருந்ததனாலும் கிடைத்தது.

மாத்தூரின் தந்தை மகளுக்கு விடை கூறுமுன் கேட்டறிய வேண்டியவை சில உள. முடிவில் தரப்படும் சான்று எந்த மன்றத்தின் பதிவேட்டில் அவளைச் சேர்க்கும்? அப்பதிவு இந்தியாவில் ஏற்கப்படுமா? இதற்கு விடை தர வேண்டியவர் தரகர் அல்லர். அந்நாட்டுத் தாதியர் மன்றமும் இந்நாட்டுத் தாதியர் மன்றமுமே. பயிற்சியை இடையில் நிறுத்தினால் தங்கும் அனுமதி என்னவாகும்? விடுதிக்கும் உணவுக்கும் பிடித்தம் போகக் கையில் மிஞ்சுவது எவ்வளவு? ஒப்பந்தம் எந்த மொழியில் உள்ளது. அதனைப் படித்துப் பொருள் கூறியவர் யார்? எஸ்.இ.என். ஆன பெண்களின் பெற்றோருக்கு இவற்றைக் கேட்கத் தெரிந்திருக்கவில்லை. கேட்டுச் சொல்ல அருகில் ஒருவரும் இல்லை.

இன்று அருகில் ஓர் அலுவலகம் உண்டு. தமிழ்நாடு அரசு 1978இல் நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையிலேயே இருக்கிறது. பயின்ற தாதியரை வளைகுடா முதலிய பதினெட்டு நாடுகளுக்குப் பணிக்கு அனுப்புவது இத்தகைய அரசு நிறுவனங்கள் வழியே நடைபெற வேண்டும் என்று 2015இல் மத்திய அரசு ஆணையிட்டது. தரகர்கள் தாதியரிடம் இலட்சக்கணக்கில் பறித்ததே அதற்குக் காரணம். அவ்வாணை பணிக்குச் செல்வோரைப் பற்றியது. படிக்கச் செல்லும் மாணவிக்கு அத்தகைய காப்பு இல்லை. பதினெட்டு வயதில் அவள் கையெழுத்திடும் தாளைப் படித்துப் பார்ப்பவர் இன்றும் அவளுடைய அத்தாவே.